முன்னால் ஐந்து பேர், பின்னால் சரக்கு

1

நான் இருக்கும் மலைக்கு அடிவாரத்தில் ஒரு போலீஸ் சாவடி இருக்கிறது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியாக இருந்தால்தான் மேலே விடுவார்கள். மஸ்கட்டிலிருந்து தாழ்வான, பளபளப்பான கார்களில் வருகிறவர்கள் இங்கே இறங்கி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்த வழியே திரும்புவார்கள். என்னை யாரும் நிறுத்துவதில்லை. ஓமனுக்கு வந்து இந்த மாதத்தோடு முப்பத்தொரு வருஷம் ஆகிறது. அதில் பாதிக்கு மேல் இந்தச் சாவடி வழியாகத்தான் ஏறி இறங்கியிருக்கிறேன். என் வண்டிச் சத்தம் கேட்டாலே கையை ஆட்டிவிடுவார்கள்.

போன வாரம் அங்கே புதிதாக ஒரு போலீஸ்காரர் வந்திருந்தார். அவர் நிறுத்தினார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்பக்கம் பார்த்தால் கார். நான்கு கதவு, இரண்டு வரிசை சீட்டு, ஏசி. உள்ளே பள்ளிக்கூடத்து டீச்சரம்மாக்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பின்பக்கம் பார்த்தால் லாரி மாதிரி திறந்த தொட்டி. அதில் மாதுளைத் தோட்டத்துக்கு எருமூட்டை பதினைந்து கிடந்தது. அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டே அரபியில் கேட்டார்.

"இது ஆள் வண்டியா, சாமான் வண்டியா?"

"இரண்டும்தான்" என்றேன்.

அவர் சிரித்தார். டீச்சரம்மாக்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே கேள்வியை இரண்டு வருஷத்துக்கு முன்னால் நகரியில் என் சம்பந்தியம்மா கேட்டார். அன்றைக்கு அதற்குச் சரியான பதில் என் வாயில் இல்லாமல் போனதால் ஒரு உயிரே போயிருக்கும். அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. கையெழுத்து மட்டும் தெலுங்கில் போடுவேன், அதுவும் பாஸ்போர்ட்டுக்காகக் கற்றுக்கொண்டது. இதை நான் சொல்லச் சொல்ல, இங்கே பள்ளிக்கூட ஆபீசில் வேலை செய்யும் திருத்தணிக்காரர் ஒருவர் எழுதிக்கொள்கிறார். நான் 'போய்க்கினு' என்றால் அவர் 'போய்க்கொண்டு' என்று எழுதுகிறார். என் பேச்சை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், மற்றவர்கள் பேசினதை மட்டும் பேசினபடியே போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

2

என் ஊர் பிச்சாட்டூர் பக்கம். ஆந்திராவில் இருக்கிற தமிழர்கள் நாங்கள். வீட்டில் தமிழ், மண்டல் ஆபீசில் தெலுங்கு, லாரி செட்டில் இரண்டும் கலந்து. பதினேழு வயதில் லாரியில் கிளீனராக ஏறினேன். பங்காருபாளையத்தில் மாங்காய் ஏற்றிக்கொண்டு சித்தூர் மாங்கூழ் பேக்டரிக்குப் போவோம். பேக்டரி வாசலில் வரிசை நின்றால் ஒரு நாளா இரண்டு நாளா தெரியாது. அந்த வரிசையில்தான் ஸ்டீரிங் பிடிக்கக் கற்றேன். வரிசை பத்தடி நகரும், டிரைவர் தூங்குவார், நான் வண்டியைப் பத்தடி நகர்த்துவேன். பத்தடி பத்தடியாகவே முழு டிரைவர் ஆனவன் நான்.

அதற்கப்புறம் இங்கே வந்தேன். முதலில் சொஹார் பக்கம் தண்ணி லாரி. பிறகு இந்த மலையில் ஒரு தோட்டக்காரரிடம். அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு வண்டியைக் காட்டினார். நான்கு கதவும் தொட்டியும் சேர்ந்த வண்டி. எனக்குப் பிடிக்கவில்லை. லாரி என்றால் லாரியாக இருக்கவேண்டும், கார் என்றால் காராக இருக்கவேண்டும் என்று நினைக்கிற ஆள் நான். ஒரு மாதம் ஓட்டிய பிறகுதான் புத்தி வந்தது.

காலையில் அவர் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்குவேன். அதே ஓட்டத்தில் பின்னால் இருக்கும் காஸ் சிலிண்டரைக் கடையில் இறக்குவேன். திரும்பும்போது அவர் அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து ஏற்றிக்கொள்வேன். அந்த அம்மா முன்னால் ஏசியில் தூங்கிக்கொண்டு வரும். பின்னால் இரண்டு ஆடு கத்திக்கொண்டு வரும். ஒரு டீசல், மூன்று வேலை. பொழுது சாயும்போது தொட்டியைக் குழாய் வைத்துக் கழுவிவிட்டால், மறுநாள் அதே வண்டியில் முதலாளி கல்யாணத்துக்குப் போவார். இந்த ஊரில் யாரும் அதைக் குறைவாக நினைப்பதில்லை. பெரிய ஆபீசர் வீட்டு வாசலிலும் நிற்கும், ஆட்டுச் சந்தையிலும் நிற்கும்.

போன் வந்த காலத்திலிருந்து என் பெண் கோகிலாவிடம் இதைச் சொல்லிக்கொண்டே இருப்பேன். "நைனா, உனுக்கு அந்த வண்டிய விட்டா வேற பேச்சே கெடையாதா?" என்பாள். கெடையாது என்பேன்.

3

கோகிலாவைக் கட்டிக்கொடுத்தது நகரியில், விசைத்தறி வைத்திருக்கும் குடும்பத்தில். மருமகன் தணிகாசலம் ஸ்ரீ சிட்டியில் ஒரு பேக்டரியில் ஷிப்ட் வேலை. கம்பெனி பஸ்ஸில் போய்க் கம்பெனி பஸ்ஸில் வருவார். வீட்டில் இருக்கும்போது தூங்குவார். அதனால் தறிகளைப் பார்த்துக்கொண்டதெல்லாம் அவர் அம்மாதான். அலமேலம்மா. என்னைவிட நான்கைந்து வயது சின்னவர். என்னை அண்ணா என்பார், நான் தங்கச்சி என்பேன். நெய்த துண்டையும் பருத்திப் புடவையையும் மூட்டை கட்டி, பஸ் மேல் போட்டு, திருப்பதி பஜாரில் தானே விற்றுவிட்டு வந்த பொம்பளை. குரல் ஏறினால் நான்கு தறி சத்தத்துக்கு மேலே கேட்கும்.

அந்த அம்மாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள், திங்கள் புதன் வெள்ளி, திருப்பதிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ளவேண்டும். நான்கு மணி நேரம் மெஷினில் படுக்கவேண்டும். ஒரு முறை தப்பினால் கால் வீங்கும், மூச்சு வாங்கும், இரண்டாவது முறையும் தப்பினால் நாங்கள் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நகரியிலிருந்து திருப்பதிக்கு ஒன்றரை மணி நேரம். வாடகைக் கார் வைத்தார்கள். தறியில் வருகிற காசெல்லாம் காருக்கே போனது. அந்தப் பக்கம் சரக்கு கொண்டுபோகத் தனியாக ஒரு மினி வேன். அதுவும் திருப்பதிக்கு, அதுவும் வாரத்தில் மூன்று நாள். ஒரே ரோட்டில் காரில் ஆள் போகிறது, பின்னாலேயே வேனில் சரக்கு போகிறது. இதைப் போனில் கேட்ட எனக்குத் தூக்கம் வருமா?

"முன்னால அத்தையக் குந்த வைய்யி, பின்னால சரக்கு ஏத்து. ஒரே வண்டி. நான் சொல்றேன் வாங்கு" என்றேன் கோகிலாவிடம்.

வாங்கினாள். புத்தூரில் டிரைவிங் ஸ்கூல் போய் லைசென்சும் எடுத்தாள். வண்டியைப் பதியப்போன ஆபீசில் ஒருவர் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஏம்மா, இதி காரா, லாரியா?" என்று தெலுங்கில் கேட்டிருக்கிறார். பக்கத்தில் இருந்தவர், சரக்கு வண்டிதான், ஐந்து பேர் உட்காரலாம் என்று பேப்பரிலேயே இருக்கிறது பாரய்யா என்று காட்டினாராம். முதல் ஆள் ஒத்துக்கொள்ளாமல் வெளியே வந்து வண்டியையே பார்த்தாராம். முன்னால் நின்று பார்த்தார், பின்னால் நின்று பார்த்தார். கடைசியில் மஞ்சள் போர்டு கொடுத்தார்கள். சரக்கு வண்டி.

நான் வந்த பிறகுதான் முதல் ஓட்டம் என்று சொல்லியிருந்தேன். நாற்பது நாள் லீவில் கிளம்பினேன்.

4

இனிமேல் சொல்வது என் தப்பு. அதை மறைக்கப் போவதில்லை.

சனிக்கிழமை வந்து இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் வண்டிக்குப் பூஜை போட்டு, முன்னால் சாமந்தி மாலை கட்டி, நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கிக் கொண்டுவந்தோம். வந்தவன் சும்மா இருந்தேனா? டயாலிசிஸ் முடிந்தால் உடம்பு துவண்டுபோகும், உட்கார முடியாது என்று கோகிலா சொல்லியிருந்தாள். காலை நீட்டிக்கொண்டு வந்தால் நன்றாக இருக்குமே என்று யோசித்தேன். மலையில் நாங்கள் மாதுளைக்கு வெயில் படக்கூடாது என்று தொட்டியின் நான்கு மூலையிலும் கம்பி நட்டு, மேலே வெள்ளைத் துணி கட்டுவோம். வெள்ளை சூட்டை வாங்காது. அதே மாதிரி செய்தேன். நான்கு மூலையிலும் நான்கு கம்பு. தறியிலிருந்து எடுத்த புது வெள்ளைத் துணியை மேலே இழுத்துக் கட்டினேன். கீழே பாய் விரித்தேன். தலையணை வைத்தேன். திங்கட்கிழமை காலை வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, பெருமையாக நின்றேன்.

அலமேலம்மா, கோகிலாவின் மகள் ஹரிணியின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். படியிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா அண்ணா இது?"

"உனுக்குத்தான் தங்கச்சி. வரப்போ அசதியா இருக்கும் இல்ல? ஜம்முனு காலை நீட்டிப் படுத்துக்கினு வரலாம். வெயிலே படாது."

அவர் வண்டியை மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தார்.

"நாலு கம்பு. மேல வெள்ளத் துணி. முன்னால சாமந்தி மாலை. பாய் தலகாணி. எல்லாம் கரெக்டா கீது. தப்பட்டக்காரனுக்கு மட்டும் இன்னும் சொல்லல போலகீதே. ஏம்மே கோகிலா, அதுக்கும் உங்க நைனாவையே அனுப்பேன்."

அப்போதுதான் நான் என் வண்டியைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை. தெருவில் நான்கு பேர் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஊரில் இருந்தவன் எவனும் இதைச் செய்யமாட்டான். முப்பது வருஷம் வெளியே இருந்தால் பாஷை மறக்காது, ரோடு மறக்காது. இந்த மாதிரி ஒன்று மறந்துபோகும்.

துணியைப் பிடுங்கி எறிந்தேன். மாலையையும் அறுத்தேன். "எல்லாம் கலாஸ், எடுத்துட்டேன் பாரு தங்கச்சி, ஏறு" என்றேன்.

"அண்ணா, நான் ஒண்ணு கேக்கறேன் சொல்லு. இது ஆள் ஏத்தற வண்டியா, சாமான் ஏத்தற வண்டியா?"

"முன்னால ஆளு, பின்னால சாமான்."

"நம்ப தெருவுல ஆசுபத்திரிக்குப் போயி போயிட்டவங்கள எதுல இட்டுனு வந்தாங்க? இதே மாரி மஞ்ச போர்டு, இதே மாரி தொட்டி. போறப்ப முன்னால ஏத்துவீங்க. வரப்ப பின்னால ஏத்துவீங்க. ரெண்டுக்கும் ஒரே வண்டியில எடம் வெச்சினு வந்துகீறியே, உன் மூளைய நான் இன்னான்னு சொல்றது?"

ஹரிணி தெலுங்கில் ஏதோ சமாதானம் சொன்னாள். அவளுக்குத் தமிழ் பேச்சு வரும், கோபம், கெஞ்சல் எல்லாம் தெலுங்கில்தான் வரும். அலமேலம்மா கேட்கவில்லை. அன்றைக்குக் கோகிலா அவரை பஸ்ஸில் கூட்டிப்போனாள். திரும்பி வரும்போது புத்தூர் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தார்.

5

புதன்கிழமை முகூர்த்த நாள். வாடகைக் கார்க்காரரை வண்டி வந்ததும் நிறுத்திவிட்டோம். அவர் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். வேறு ஒரு காரும் கிடைக்கவில்லை. பஸ்ஸில் ஏற அலமேலம்மாவுக்குத் தெம்பு இல்லை. எங்கள் வண்டி வாசலில் கழுவித் துடைத்து நிற்கிறது. அதில் ஏறமாட்டேன் என்றார்.

தணிகாசலம் ஷிப்ட் முடிந்து வந்து கையைப் பிடித்துக் கெஞ்சினார். "எம்மா, வேணாம்னா தொட்டியக் கழட்டிப் போட்டுர்றேன்மா, ஏறும்மா."

"தொட்டிய எடுத்தா எனுக்கு பயம் எடுத்துடுமாடா? போடா, போயி துன்னுட்டுத் தூங்கு."

அன்றைக்குத் தப்பிவிட்டது. வியாழக்கிழமை காலையில் அவர் கால் இரண்டும் வீங்கி, அமுக்கினால் குழி விழுந்தது. ஒரு அடி நடந்தால் ஒரு முறை மூச்சு வாங்கினார். கோகிலா என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய்ப் பேசினாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"நைனா, நீ அந்த ஊர்ல இன்னா வேணா ஓட்டு. இங்க எங்க அத்த நாளைக்கு ஏறலன்னா அவ்ளோதான். இந்த வண்டிய நான் நாளைக்கே வித்துடுவேன். ஆனா அதுக்குள்ள அவங்க இருக்கணும் இல்ல?"

எனக்கு வண்டிமேல் இருந்த நம்பிக்கை போகவில்லை. அதை இப்போதும் சொல்வேன். வண்டி சரியான வண்டிதான். அதை வாசலில் கொண்டுவந்து நிறுத்தின விதம்தான் தப்பு. நோயாளியை ஏற்றப்போகிறேன் என்று காட்டி நிறுத்தினேன். நோயாளி ஏறுவாரா? எனக்கு இது வெள்ளிக்கிழமை காலை வரைக்கும் புரியவில்லை. புரிந்ததும் நானாக யோசித்துப் புரிந்ததில்லை, நடந்ததைப் பார்த்துப் புரிந்ததுதான்.

வெள்ளிக்கிழமை காலை. கார்க்காரர் ஒருவர் எட்டு மணிக்கு வருகிறேன் என்றிருந்தார், வரவில்லை, போனும் எடுக்கவில்லை. பதினொன்றரைக்கு மெஷின். பஜாரில் நாயுடுகாரு கடைக்குத் துண்டு, புடவை மூட்டைகளும் அன்றைக்கே போயாகவேண்டும். கார் வந்தால் அத்தையோடு நான் போகிறேன், நீ சரக்கோடு போ என்று கோகிலா சொன்னாள். அதனால் நானும் அவளும் மூட்டைகளைத் தூக்கித் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தோம். உள்ளே ஜன்னல் ஓரத்தில் நாற்காலி போட்டு அலமேலம்மா உட்கார்ந்திருந்தார். மூச்சு மட்டும் கேட்டது.

ஆறாவது மூட்டையை வைக்கும்போது ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"புடவ மூட்டைய அடில போடுவியா? துண்டு கனம் இல்ல? புடவ மடிப்பு நசுங்கிப்போச்சுன்னா அந்த நாயுடுகாரு உன் மூஞ்சிலயே வீசுவான்."

எடுத்து மாற்றி வைத்தேன்.

"தார்ப்பாய இன்னாத்துக்கு அப்படி இழுக்கற? காத்து உள்ள பூந்தா பலூன் மாரி தூக்கும். முன்னாலருந்து கட்டுப்பா. முப்பது வருசமா இன்னாத்தத்தான் ஓட்டினு இருந்த?"

நான் வேண்டுமென்று ஒன்றும் செய்யவில்லை. மலையில் நாங்கள் கட்டுகிற மாதிரிதான் கட்டினேன். ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் கோகிலா என்னைப் பார்த்தாள். கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, அவிழ்க்கவும் இல்லாமல் கட்டவும் இல்லாமல் நின்றேன்.

"கோகிலா, கூட யாரு போறது?"

"நைனாதான் அத்த."

"உங்க நைனாவா? அவருக்கு அளவு தெரியுமா, நூலு நம்பரு தெரியுமா? நாயுடுகாரு ஒரு துண்டப் பிரிச்சி ஒரு வெரல் கொறச்சல்னு சொன்னா, இவரு ஆமாங்கன்னு தலையாட்டுவாரு."

இதற்கு ஒரு விளக்கம் சொல்லவேண்டும். அலமேலம்மா வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நெய்த சரக்கு வண்டியில் ஏறினால் வீட்டாள் ஒருவர் கூடப் போகவேண்டும். வாடகை வேனாக இருந்தாலும் சரி, தறி வேலைக்காரர் ஒருவராவது ஏறவேண்டும். சரக்கைத் தனியாக அனுப்பமாட்டார்கள். உடம்பு கெட்ட இந்த இரண்டு வருஷமாக அவர் போகவில்லை. இரண்டு வருஷமாக நாயுடுகாரும் அளவு குறைகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கதவு திறந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அலமேலம்மா வந்தார். புடவை மாற்றியிருந்தார். தோளில் ஒரு புதுத் துண்டு, மாதிரிக்கு.

"நான் சரக்குக்கு வரேன். தெரிதா? ஆசுபத்திரின்னு எவனாச்சும் வாயத் தொறந்தீங்க, எறங்கிடுவேன்."

வாசலில் நின்ற ஹரிணி இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டாள்.

6

கோகிலா ஓட்டினாள். ஸ்டீரிங்கை நான் கேட்கவில்லை. முப்பது வருஷமாக ரோட்டின் வலது பக்கம் ஓட்டின கை, இன்னும் வலது பக்கம்தான் போகிறது. முன்சீட்டில் அலமேலம்மா, பின்சீட்டில் நான். கண்ணாடி வழியாகச் சரக்கைப் பார்க்கிற வேலையை என்னிடம் கொடுத்தார். புத்தூர் தாண்டும்வரை மூன்று முறை "தார்ப்பாய் கீதா?" என்று கேட்டார். நான்காவது முறை கேட்க மூச்சு இல்லை, விரலை மட்டும் பின்னால் காட்டினார். இருக்கிறது என்றேன். கோகிலாவின் கழுத்தில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

திருப்பதிக்குள் நுழைந்ததும் இடது பக்கம் திரும்பினால் ஆஸ்பத்திரி, நேராகப் போனால் பஜார். மணி பத்தரை. கோகிலாவின் கை இடது பக்க இண்டிகேட்டருக்குப் போனது.

"நேரா போ" என்றார் அலமேலம்மா.

நேராகப் போனாள்.

கடை வாசலில் வண்டி நின்றதும் நாயுடுகாரே எழுந்து வந்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறார். "அலமேலம்மகாரு, மீரா!" என்றார், நீங்களா என்று. நலம் விசாரிக்கத் தொடங்கினார். அலமேலம்மா வண்டியிலிருந்து இறங்கவே இல்லை. கதவைத் திறந்து வைத்து, சீட்டிலேயே உட்கார்ந்து, தோளில் இருந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"அதெல்லாம் அப்பால. இந்தாங்க, மொழம் போடுங்க. ஒரு வெரல் கொறச்சல்னு ரெண்டு வருசமா சொல்றீங்களாமே. எந்த வெரல்? சுண்டு வெரலா, கட்ட வெரலா?"

நாயுடுகாரு முழம் போட்டார். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை வைத்து, துண்டு நெடுக அளந்தார். முடிவில் துண்டு இரண்டு விரல் கூடுதலாக இருந்தது. கடையில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். அவர் துண்டை மடித்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"நா செய்யி பெத்ததி அம்மா" என்றார். என் கை கொஞ்சம் பெரிசு என்று அர்த்தம். இத்தனை நாள் அளவு குறைந்ததற்கு அதுதான் சாக்கு.

"கை பெருசுதான். மனசையும் அதுக்குத் தக்க வெச்சிக்கோங்க" என்றார் அலமேலம்மா.

மூட்டைகள் இறங்கின. தொட்டி காலியானது. மணி பதினொன்று பத்து. இனி என்ன ஆகும் என்று எனக்கும் தெரியவில்லை, கோகிலாவுக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரி என்று சொன்னால் இறங்கிவிடுவேன் என்று சொன்ன அம்மா. சொல்லாமல் ஓட்டினாலும் எங்கே போகிறாய் என்று கேட்பார். என் வாழ்க்கையில் அத்தனை நீளமான இரண்டு நிமிஷத்தை நான் பார்த்ததில்லை.

அலமேலம்மா கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

"நாயுடுகாரு, நூலு வந்துட்டுதா?"

"மூணு மணிக்கு லாரி ஒஸ்துந்தி அம்மா."

"அப்போ மூணு மணிக்கி மேல நாலு மூட்ட நூலு எடுத்துவைங்க. நான் வந்து ஏத்திக்கறேன். காலி வண்டில நான் வூட்டுக்குப் போகமாட்டேன்." பிறகு கோகிலா பக்கம் திரும்பினார். "மூணு மணி வரைக்கும் இந்த வெயில்ல எங்க குந்தறது? நம்ம மெஷின் ரூமு ஏசிதான? போ, அங்க போயி படுத்துனு இருக்கலாம்."

கோகிலா வண்டியைத் திருப்பின வேகத்தில் நான் கதவில் இடித்துக்கொண்டேன்.

பதினொன்றரைக்கு ஐந்து நிமிஷம் தாண்டிப் போனோம். நர்ஸம்மா கோபித்தார். ஏன் புதன்கிழமை வரவில்லை, இன்றைக்கும் ஏன் லேட் என்று தெலுங்கில் கத்தினார். "லோடு எறக்கிட்டு வரேம்மா" என்று சொல்லிக்கொண்டே அலமேலம்மா கையை நீட்டினார். ஊசி ஏறினபோது மெஷின் சத்தம் தறிச் சத்தத்தில் பாதிகூட இல்லை என்றார்.

திரும்பி வரும்போது முன்சீட்டைச் சாய்த்துப் போட்டோம். அவர் நகரி வரும்வரை தூங்கினார். தொட்டியில் நான்கு மூட்டை நூல் இருந்தது. தெருவில் இறங்கும்போது எதிர்வீட்டு அம்மா என்ன சொல்லுமோ என்று எனக்கு உதறல். அந்த அம்மா கேட்டது, "நூலு என்ன வெலைங்க இப்ப?" என்றுதான்.

7

நான் இங்கே திரும்பி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இங்கே வெள்ளிக்கிழமை லீவு. வண்டியைக் கழுவிவிட்டு, மலை ஓரத்தில் நிறுத்தி, போன் போடுவேன். அலமேலம்மா பெரும்பாலும் மெஷினில் இருப்பார். நான்கு மணி நேரம் பேச ஆள் வேண்டுமே, நான்தான் கிடைத்தேன்.

நடுவில் தறி பத்து நாள் நின்றது. கரண்டு வேலை. சரக்கு இல்லை. காலி வண்டியில் ஏறமாட்டாரே என்று எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை. அவரே தெருவில் வீடு வீடாகக் கேட்டுவிட்டார். ஒரு வீட்டு அரிசி மூட்டை, ஒரு வீட்டுத் தையல் மெஷின், இன்னொரு வீட்டுக் காலேஜ் பெண்ணின் பெட்டி படுக்கை. யார் திருப்பதிக்கு எதை அனுப்பவேண்டும் என்றாலும் இப்போது அலமேலம்மாவிடம்தான் வருகிறார்கள்.

இந்த வெள்ளிக்கிழமை போன் போட்டபோது வீடியோவில் அவரைத் தவிர இன்னும் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் தெரிந்தார்கள். ஒருவர் ஏகாம்பரகுப்பம், ஒருவர் நகரிதான். ஒருவரை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. உற்றுப் பார்த்தேன். எதிர்வீட்டு அம்மா.

"அவங்களுக்குமா தங்கச்சி?" என்றேன்.

"ஆமாம் அண்ணா, மூணு மாசமா. பஸ்ல அல்லாடினு இருந்தா. ஏறு ஏறுன்னா பயப்படறா, மஞ்ச போர்டு, தொட்டின்னு. நான்தான் திட்டி ஏத்தினேன்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சும்மா இருக்கத் தெரியாமல், "அப்படின்னா நம்ம வண்டி இப்ப ஆஸ்பத்திரி வண்டியாயிடுச்சுன்னு சொல்லு" என்றேன்.

மெஷினில் படுத்திருந்த அம்மா தலையைத் தூக்கினார். நர்ஸம்மா, ஆடாதீங்க ஆடாதீங்க என்று ஓடி வந்தது தெரிந்தது.

"யாரு சொன்னது ஆசுபத்திரி வண்டின்னு? ஜவுளி வண்டி அண்ணா இது. பஜாருக்குப் போவுது. வழியில நாலு பொம்பளைங்க ஏறிக்கறோம், அவ்ளோதான்."